குழந்தையோடு விளையாட உட்காரும்போது: பார்த்ததைப் பகிருங்கள்

பம்பரம்:
தரையில் உட்காருங்கள். நாற்காலியிலிருந்து குனிந்து பேசுவது விளையாட்டில் சேராது. போன் அடுத்த அறையில் இருக்கட்டும். 10, 15 நிமிஷம் போதும், ஆனால் அவ்வளவு நேரமும் குழந்தை வைத்ததுதான் சட்டம். டப்பா மூடியைத் திருகப் பார்க்கும், வராது. மூடியைக் கவிழ்த்து வைத்துத் தட்டும், மறுபடி திருகும். நம்மில் பலர் கை நீட்டுவது சரியாக இந்த இடத்தில்தான். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். டப்பாவை உங்களிடம் நீட்டினால் மட்டும் பாதி திருகித் திருப்பிக் கொடுங்கள், மீதி அதன் வேலை. "இது என்ன கலர்? எத்தனை இருக்கு?" என்று ஆரம்பித்தால் ஆட்டம் பரீட்சையாகிவிடும், குழந்தை எழுந்து போய்விடும். "அட, மூடி நழுவிடுச்சே!" என்று நடப்பதைச் சொன்னாலே போதும்.

மணல்வீடு:
கூடையோடு பொம்மைகளைக் கொட்டிவிட்டு "விளையாடு" என்றாலும் இதே கதிதான். ஒன்றரை முதல் இரண்டரை வயதுக் குழந்தைகளை 4 பொம்மைகளோடும் 16 பொம்மைகளோடும் விளையாடவிட்டுப் பார்த்த ஆய்வு 2018இல் வந்தது. நான்கே இருந்தபோது ஒவ்வொன்றையும் அதிக நேரம், விதவிதமாகக் கையாண்டார்கள். நாலைந்தை வெளியே வைத்துவிட்டு மீதியை ஒளித்து வையுங்கள். வாரம் ஒருமுறை மாற்றினால் பழசே புதுசாகிவிடும்.

கிலுகிலுப்பை:
கைக்குழந்தையிடம் முகத்தை மூடித் திறந்து "பே!" காட்டுகிறோமே, அதில் ஒரு தவறு நடக்கிறது. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், கண்ணைத் தேய்க்கும். நாமோ இன்னும் சத்தமாகக் கூப்பிடுவோம். அது "போதும்" என்கிறது. நிறுத்திவிட்டுக் காத்திருங்கள், தானாகத் திரும்பிப் பார்த்தால் தொடரலாம்.

3 வயதுக்குள் என்றால், டிஷ்யூ சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் கையில் இருக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். பொம்மையில் பட்டன் பேட்டரி இருந்தால் அதன் மூடி திருகாணி போட்டதா என்று பாருங்கள். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பம்பரம்:
@கிலுகிலுப்பை, ஒரே ஆட்டத்தை இருபது தடவை கேட்டு நச்சரிப்பதைப் பற்றியும் எழுதுங்களேன்.

கிலுகிலுப்பை:
சலிப்பு நமக்குத்தான், அதற்கில்லை. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் அதற்குச் சுவை. பதினைந்தாவது தடவை ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள், பந்தை வலது கைக்குப் பதில் இடது கையில் ஒளித்து வையுங்கள். சற்று விழித்துவிட்டுச் சிரிக்கும். உடம்பு ஒத்துழைக்காத நாளில் டாக்டர் விளையாட்டு: நீங்கள் நோயாளி, படுத்தே இருக்கலாம்.