பராமரிப்புப் பணியாளர்களுக்கு எப்படித் துணை நிற்கிறீர்கள்? உங்கள் அனுபவம் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. முதியோர் இல்லம் ஒன்றில் 14 பராமரிப்புப் பணியாளர்களுக்குப் பொறுப்பாக இருக்கிறேன்.

போன வாரம், எங்களோடு நான்கு வருடம் இருந்த ஒரு பாட்டி இறந்துவிட்டார். தினமும் அவருக்குத் தலை வாரிவிட்ட பெண்தான் அன்று மதியம் அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றினார். சீப்பில் சிக்கியிருந்த நரைமுடியை எடுக்க மனமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். அழக்கூட நேரம் கொடுக்கவில்லையே என்று எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வேலையிடத்தில் சரியாகக் கையாளப்படாமல் நீடிக்கும் அழுத்தத்தின் விளைவே பணிச்சோர்வு (burnout, வேலையால் முற்றிலும் களைத்துப்போவது) என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் விளக்கியது. அப்படியென்றால் சரிசெய்ய வேண்டியது நாங்கள்தான்.

ஓர் இறப்புக்குப் பிறகு எல்லோரும் கொஞ்ச நேரம் சேர்ந்து உட்கார்ந்து பேசும் வழக்கம் உங்கள் இடத்தில் உண்டா? யார் நடத்துகிறார்கள்? மேலாளர் கூட இருந்தால் மனம் விட்டுப் பேசுவார்களா? இரவுப் பணியில் இருப்பவர்களை எப்படிச் சேர்த்துக்கொள்கிறீர்கள்?

அப்புறம் இன்னொன்று. முதியவர்களுக்குத் திடீரென வரும் குழப்பம் சிலசமயம் தொற்றின் முதல் அறிகுறியாக இருக்கும். “இன்னைக்கு தாத்தா வேற மாதிரி இருக்கார்” என்று முதலில் கண்டுபிடிப்பது எங்கள் பணியாளர்கள்தான். ஆனால் மருத்துவரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். நிலைமை, பின்னணி, கணிப்பு, கோரிக்கை என்ற வரிசையில் சொல்லப் பழக்கலாம் என்றிருக்கிறேன். யாராவது இதைச் செய்து பார்த்திருக்கிறீர்களா? எத்தனை நாளில் அந்தத் தயக்கம் போனது?

முதுகு வலிக்காமல் ஆளைத் தூக்கி உட்காரவைக்கும் பயிற்சிக்குத் தமிழில் நல்ல காணொளி இருந்தாலும் அனுப்புங்கள்.