குளுக்கோஸ் தண்ணீர் முதல் சீம்பால் வரை: கர்ப்பகாலச் சர்க்கரையில் கண்ணில் படுபவை

கிராம சுகாதார செவிலியர், நன்னிலம் பக்கம்

அதிகம் சொதப்புவது சோதனையில்தான். 75 கிராம் குளுக்கோஸ், 300 மில்லி தண்ணீர், 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். சாப்பிட்டு வந்திருந்தாலும் பரவாயில்லை. 100 கிராம் பாக்கெட்தான் கிடைத்தது என்றால் எடை பார்த்துப் போடுங்கள், அப்படியே கொட்டிவிடாதீர்கள். குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறோம். ரத்தச் சர்க்கரை 140 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுநாள் திரும்பச் செய்யணும், அதற்குப் பிறகு வந்தால் தொடரலாம். இடையில் வெளியே போய் வடையும் காபியும் சாப்பிட்டு வந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

“மூணாம் மாசம் பார்த்தாச்சே சிஸ்டர், நல்லாத்தானே இருந்துச்சு?” என்பார்கள். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினை மடக்கிப்போடுவது அதற்குப் பிறகுதான் வலுக்கும். அதனால் 24 முதல் 28 வாரத்துக்குள் இரண்டாவது சோதனை. வளைகாப்புக்கு நாள் குறிக்கும் முன் இதை முடித்துவிடுங்கள்.

மகப்பேறு மருத்துவர், கும்பகோணம்

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று. ‘பிள்ளை பெருசாகும்’ என்ற ஒரே பயம்தான் வீடுகளில் இருக்கிறது. தாயின் எதிர்ப்புச் சக்தியை யாரும் நினைப்பதில்லை. சர்க்கரை ஏறி நிற்கும் ரத்தத்தில் வெள்ளணுக்கள் கிருமி இருக்கும் இடத்துக்கு நகர்வதும், அதை விழுங்கிக் கொல்வதும் மந்தமாகிவிடும். விளைவு: சிறுநீர்த் தொற்று, அரிப்போடு தயிர்த்திரி மாதிரி வெள்ளைப்படுதல், சிசேரியன் தையலில் சீழ். சிறுநீர்த் தொற்று எரிச்சலே இல்லாமலும் இருக்கும், கல்ச்சர் (சிறுநீரில் கிருமி வளருகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்தால்தான் தெரியும். விட்டுவிட்டால் சிறுநீரகத்துக்கு ஏறிக் குளிர்காய்ச்சல், சிலருக்குக் குறைப்பிரசவம்.

இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழே, சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழே. இரண்டு வாரம் உணவுமுறை. அப்போதும் இறங்காவிட்டால் மாத்திரையோ இன்சுலினோ. நம் பக்கத்தில் சோற்றை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், சொல்லவும் வேண்டாம். சோற்றைக் குறைத்து, கீரை, பருப்பு, மீன், முட்டையைக் கூட்டி, மூன்று வேளையை ஆறாகப் பிரித்தால் போதும். காலை வேளையில்தான் சர்க்கரை முரண்டு பிடிக்கும். இட்லி எண்ணிக்கையில் கை வைக்க வேண்டியது அப்போதுதான். பட்டினி கிடக்கவே கூடாது.

மருந்தாளுநர், மன்னார்குடி

இன்சுலின் என்றதும் ஊசியைப் பாருங்கள். குப்பியில் 40 என்றிருந்தால் (ஒரு மில்லியில் 40 யூனிட்) சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடி. 40 குப்பி மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 10 கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 4 யூனிட்தான். 100 குப்பி மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் அதே 10 கோடுவரை இழுத்தால் 25 யூனிட், அது ஆபத்து. குப்பியை ஃப்ரீசரில் வைக்காதீர்கள். உறைந்துபோனதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

பச்சிளங்குழந்தைப் பிரிவு செவிலியர், தஞ்சாவூர்

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. ஆகவே பிள்ளை தானே இன்சுலினைச் சுரந்து தள்ளும். கொடி அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், அதன் இன்சுலின் நிற்காது. அதனால்தான் 3.8 கிலோ கொழுகொழு பிள்ளைக்கும் சர்க்கரை விழுகிறது. பிறந்து 1 மணி நேரத்தில் குதிகாலில் குத்திப் பார்ப்போம், பிறகும் சில மணிக்கு ஒருமுறை. 45-க்குக் கீழே போனால் உடனே சிகிச்சை. நடுக்கம், துவண்டு கிடப்பது, பால் குடிக்காதது, மூச்சுத் திணறல் எல்லாம் அடையாளங்கள். எந்த அடையாளமும் இல்லாமலும் விழும், அதனால்தான் விடாமல் குத்துகிறோம். “பிஞ்சுக் காலை இப்படிக் குத்துறீங்களே” என்று ஆத்தாக்கள் சண்டைக்கு வருவார்கள், என்ன செய்ய! நுரையீரல் பக்குவமாவது தாமதிப்பதும், மஞ்சள் காமாலையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதல்.

சேனை வைக்கிறோம் என்று தேனும் சர்க்கரைத் தண்ணீரும் தொட்டுவைப்பதுதான் பெரிய இடைஞ்சல். சர்க்கரைத் தண்ணீர் இன்சுலினை இன்னும் தூண்டிவிடும். தேனில் நஞ்சு உண்டாக்கும் கிருமியின் வித்து இருக்கலாம். முதல் மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். அதில்தான் குடலுக்குக் காவலான எதிர்ப்புப் பொருள் இருக்கிறது, சர்க்கரையையும் அது தாங்கும். சிசேரியன் ஆன தாயென்றாலும் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டலாம்.

கிராம சுகாதார செவிலியர், நன்னிலம் பக்கம்

6-வது வாரம் குழந்தைக்கு ஊசி போட வரும் அன்றே தாய்க்கும் 75 கிராம் சோதனை உண்டு. இந்த முறை வெறும் வயிற்றில் வரணும்.