அப்பாவின் துப்பாக்கி உரிமத்தைத் தபாலில் அனுப்பணும், எப்படி?

அப்பாவின்_மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 72 வயசு. போட்டியில சுடறதுக்காக வாங்கின .22 ரைபிள் ஒண்ணு வச்சிருக்கார். உரிமம் முடிய இன்னும் 41 நாள்தான். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம் ஆகுது. உரிம அலுவலகத்துக்கு நாலு மணி நேரப் பயணம், அவ்வளவு நேரம் அவரால உட்கார முடியாது. விண்ணப்பத்தைத் தபால்ல வாங்கிக்கறோம்னு அலுவலகத்துலயே சொல்லிட்டாங்க.

நேத்து ராத்திரி மேசைமேல எல்லாத்தையும் பரப்பி வச்சார். அசல் உரிமப் புத்தகம், வரிசை எண் இருக்கிற துப்பாக்கி ரசீது, அடையாள அட்டை நகல், நாலு போட்டோ. மருத்துவச் சான்றிதழோட ஆஸ்பத்திரியில கொடுத்த டிஸ்சார்ஜ் காகிதமும். போன தடவை வீட்டுக்கு ஆய்வு வந்தப்போ எடுத்த, துப்பாக்கி அலமாரியோட ரெண்டு படமும். எல்லாத்தையும் ஒரே பழுப்பு உறையில போட்டு, ஸ்டாம்ப் ஒட்டித் தெருமுனைப் பெட்டியில போட்டுடலாம்கிறார். "இருபது வருஷமா இப்படித்தான் அனுப்பறேன், என்ன ஆச்சு?"ன்னு கேட்கறார்.

அந்த மேசையைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிடுச்சு. எங்க வீட்டு முகவரி, உள்ளே என்ன துப்பாக்கி, எந்த அறை, என்ன மாதிரிப் பூட்டு, வீட்டுல இருக்கிறவர் எழுந்து நடக்க முடியாத வயசானவர். இவ்வளவும் ஒரே உறைக்குள்ள! இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. நேர்ல போக வழியில்ல, தபால்தான். எதை அனுப்பணும், எதை அனுப்பக் கூடாது? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

ஐம்பது_மீட்டர்:

உங்க பயம் நியாயம்தான் சகோதரி. எனக்கு நடந்ததைச் சொல்றேன்.

மூணு வருஷம் முன்னாடி நானும் அசலைச் சாதாரணத் தபால்லதான் அனுப்பினேன். ரெண்டு வாரம் கழிச்சு விசாரிச்சா, வரலைன்னாங்க. தபால் நிலையத்துல கேட்டா, எண்ணைக் கொடுங்கன்னாங்க. சாதாரணத் தபாலுக்கு ஏது எண்? இதுக்குள்ள உரிமம் காலாவதி ஆயிடுச்சு. கையில துப்பாக்கி இருக்கு, உரிமம் இல்ல, விண்ணப்பிச்சதுக்கு ஒரு துண்டுச் சீட்டும் இல்ல. அந்த நாள்கள்ல நான் சரியா தூங்கினதே இல்ல. கடைசியில துப்பாக்கியை உரிமம் உள்ள ஆயுத வியாபாரிகிட்ட ஒப்படைச்சு, எழுதி வாங்கிக்கிட்டு வந்தேன்.

உறை 26ஆவது நாள் வீட்டுக்கே திரும்பி வந்தது. ஒரு ஓரம் முழுக்கக் கிழிஞ்சு, உரிமத்தோட முதல் பக்கம் வெளியே தெரிஞ்சது. என் போட்டோ, என் முகவரி. அதை எத்தனை பேர் படிச்சாங்களோ.

41 நாள்ங்கறதை நிறைய நாள்னு நினைக்காதீங்க. அனுப்பின தேதியைக் கணக்கு வைப்பாங்களா, அவங்க கைக்குக் கிடைச்ச தேதியையான்னு முதல்ல கேளுங்க.

பழைய_தபால்பை:

அம்மா, நான் 31 வருஷம் தபால் பிரிக்கிற வேலை பார்த்தவன். கிளப்புல இன்னும் சுடறேன். அதனால இந்த விஷயத்துல ரெண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

முதல் வேலையா அந்த அலமாரிப் படத்தை வெளியே எடுங்க. விண்ணப்பத்துல கேட்டிருக்காங்களா? இல்லேன்னா அது போகவே கூடாது. டிஸ்சார்ஜ் காகிதமும் அப்படித்தான். உடல் தகுதிச் சான்று கேட்டா அந்த ஒரு தாள் போதும். என்ன ஆபரேஷன், எத்தனை நாள் ஓய்வுங்கறதெல்லாம் உரிம அலுவலகத்துக்கு வேண்டாதது.

சாதாரணத் தபால் பெட்டியில விழுந்ததும் கூட்டத்துல கலந்துடும். எப்போ யார் கையில இருந்ததுன்னு எங்கேயும் எழுதி வைக்க மாட்டாங்க. பதிவுத் தபால் அப்படி இல்ல. கவுண்டர்ல எண் ஒட்டி, தனிப் பையில போட்டு, பையோட ஒரு பட்டியலும் போகும். அடுத்த ஆள் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குவார். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு ராத்திரி கணக்குல ஒரு பதிவுக் கடிதம் குறைஞ்சது. எட்டுப் பேர் மூட்டை மூட்டையா கொட்டித் தேடினோம். விடியற்காலையில ஒரு காலிப் பையோட மடிப்புக்குள்ள இருந்து எடுத்தோம். அதே ராத்திரி சாதாரணக் கடிதம் பத்து குறைஞ்சிருந்தாலும் யாருக்கும் தெரிஞ்சிருக்காது. இருபது வருஷமா ஒண்ணும் ஆகலைன்னு அப்பா சொல்றது உண்மைதான். ஆகியிருந்தா யாரு தேடியிருப்பாங்கன்னு மட்டும் கேட்டுப் பாருங்க.

பிரிட்டன்ல 1997ல வந்த திருத்தச் சட்டத்துலயே, துப்பாக்கி கைமாறினா 7 நாளுக்குள்ள காவல்துறைக்குப் போக வேண்டிய அறிவிப்பு பதிவுத் தபால்லயோ, அது மாதிரி கையெழுத்து வாங்கிக் கொடுக்கிற தபால்லயோ போகணும்னு எழுதினாங்க. தபால் துறையில இருந்தவனுக்கு அதைப் படிச்சப்போ மனசுக்கு நிறைவா இருந்தது.

ரசீதுல இருக்கிற எண்ணைப் பத்திரமா வச்சுக்குங்க. உலகத் தபால் ஒன்றியத்தோட முறைப்படி அதுல 13 இடம்: முதல்ல ரெண்டு எழுத்து, நடுவுல ஒன்பது இலக்கம், கடைசியில நாட்டைக் குறிக்கிற ரெண்டு எழுத்து. 'ஆர்'ல ஆரம்பிச்சா பதிவுத் தபால். ஒன்பதாவது இலக்கம், முதல் எட்டையும் வச்சுக் கணக்குப் போட்டு வர்ற சரிபார்ப்பு இலக்கம். அதனால ஒரு இலக்கத்தைத் தப்பா எழுதினாக்கூட பெரும்பாலும் கணக்கு இடிக்கும். அந்த ரசீதுகள் வெப்பத்துல அச்சாகறதால நாளடைவுல மங்கிடும், அன்னைக்கே படம் எடுத்துடுங்க. ஒப்புகை அட்டையும் சேர்த்துக் கேளுங்க. வாங்கினவர் கையெழுத்தும் தேதியும் அதுலதான் திரும்பி வரும், காலக்கெடுவுக்கு உங்க சாட்சி அதுதான்.

பதிவுத் தபாலோட பலவீனம் ரெண்டு முனையிலயும் இருக்கு. உரிம அலுவலகத்துல, வர்ற தபாலையெல்லாம் பிரிக்கிற மேசையில யார் வேணும்னாலும் நிப்பாங்க. அதனால ரெண்டு உறை போடுங்க. உள் உறையை நல்லா ஒட்டி, அதிகாரியோட பதவியை எழுதி, 'அவர் மட்டும் பிரிக்க'ன்னு குறிங்க. வெளி உறையில அலுவலக முகவரியைத் தவிர ஒரு வார்த்தையும் வேண்டாம். கிளப் பேர் அச்சடிச்ச உறையை எடுக்கவே எடுக்காதீங்க. அனுப்புநர் முகவரியா நீங்க வேலை பார்க்கிற இடத்தைப் போட முடிஞ்சா நல்லது. இந்தப் பக்க முனை உங்க வீடு. புதுப்பிச்ச உரிமத்தை அவங்க சாதாரணத் தபால்ல திருப்பி அனுப்பினா, அது மாடிப்படிக்குக் கீழே பூட்டில்லாத பெட்டியில கிடக்கும். இதை யாரும் யோசிக்கறதே இல்ல. பதிவுத் தபால்ல அனுப்புங்க, இல்லேன்னா தபால் நிலையத்துலயே வச்சிருங்க, வந்து வாங்கிக்கறோம்னு விண்ணப்பத்தோடயே ஒரு கடிதம் வையுங்க.

அசலே வேணுமா, நகல் போதுமான்னு எழுத்துல கேளுங்க. நகல்னா ஒவ்வொண்ணுலயும் குறுக்கே, போட்டோவும் எண்ணும் மறையாம, 'உரிமம் புதுப்பிக்க மட்டும்'னு எழுதித் தேதி போடுங்க.

கைபேசி_காலம்:

இவ்வளவு கஷ்டம் எதுக்கு? இணையத்துல ஏத்தற வசதி இருந்தா ஏத்திட்டுப் போகலாமே. காகிதமே வேண்டாம்.

பழைய_தபால்பை:

வசதி இருந்தா கேட்டுப் பார்க்கட்டும் தம்பி, நான் தடுக்கல. ஆனா அதுவும் பூட்டின பெட்டி இல்ல. 2022 ஜூன்ல கலிஃபோர்னியா நீதித்துறையோட இணையப் பக்கத்துலேர்ந்து, மறைச்சுத் துப்பாக்கி எடுத்துப் போக அனுமதி வாங்கினவங்களோட பேரும் முகவரியும் வெளியே போயிடுச்சு. அதே வருஷம் நியூசிலாந்துல ஆக்லாந்தோட பழைய காவல் நிலையக் கட்டடத்துல திருட்டுப் போனதுல துப்பாக்கி உரிமக் காகிதங்களும் இருந்தது. கணினியோ காகிதமோ, நாம எவ்வளவு கொடுக்கறோமோ அவ்வளவுதான் வெளியே போகும்.

ஒரு வித்தியாசம் இருக்கு. கணினியில கசிஞ்சதை எங்கேயோ இருக்கிறவன் பார்ப்பான். மாடிப்படிக்குக் கீழே உறையை எடுக்கிறவன் நடந்து வர்ற தூரத்துல இருக்கான். எனக்கு அவன்தான் பெரிய பயம்.

அப்பாவின்_மகள்:

ஐயா, ரொம்ப நன்றி. ஐம்பது மீட்டர் அண்ணாவுக்கும் நன்றி, உங்க கிழிஞ்ச உறையைப் பத்தி எழுதினதை அப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல, ஆனா அலமாரிப் படம் ரெண்டையும் அவரே எடுத்து டிராயர்ல வச்சுட்டார்.

இன்னைக்கு அலுவலகத்துக்குப் பேசினேன். இப்போதைக்கு நகல் போதும், அசலை உரிமம் தயாரானதும் நான் கொண்டுவந்து காட்டலாம், அப்பா கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதம் இருந்தா போதும்னாங்க. புது உரிமத்தையும் அப்பவே கையில வாங்கிக்கலாமாம். விண்ணப்பம் காலாவதி தேதிக்கு முன்னாடி அவங்க கைக்குக் கிடைச்சிருக்கணும்னும் சொன்னாங்க. இதையெல்லாம் எழுத்துல தரச் சொல்லிக் கேட்டு வாங்கிட்டேன்.

அப்பா ஏற்கெனவே உறையில பெரிசா 'துப்பாக்கி உரிமம் புதுப்பித்தல், அவசரம்'னு சிவப்பு மையில எழுதி வச்சிருந்தார். அதைக் கிழிச்சுட்டு வேற உறை கொண்டுவந்திருக்கேன். நாளைக்குக் காலையில கவுண்டர் திறந்ததும் முதல் ஆளா போறேன்.

பழைய_தபால்பை:

சிவப்பு மையா! நல்ல வேளை. எண் கிடைச்சதும் ரெண்டு இடத்துல எழுதி வச்சுக்குங்கம்மா.