சமுதாய வானொலியில் ஆர்ஜேவாக இருந்தவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு அழைப்பைச் சொல்லுங்கள்

கரையோர ஆர்ஜே:
ராமநாதபுரம் பக்கம், கடற்கரை ஊர். எனக்குக் காலை நிகழ்ச்சி. பாட்டு, நேயர் அழைப்பு, நடுவில் ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸிலிருந்து வரும் அலை உயரமும் காற்று வேகமும். ஒரு நாள் 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும், கடலுக்குப் போக வேண்டாம் என்று வாசித்தேன். மறுநாள் நேரலையில் முதல் அழைப்பே ஒரு அண்ணன்.

"நேத்து நீ சொன்னதக் கேட்டுத்தாம்மா போகல. ஐஸ் எல்லாம் வாங்கி வச்சாச்சு. கடலு குளமாட்டம் கெடந்துச்சு. ஐஸுக்கு யாரு காசு தருவா?"

அவர் வீட்டு ரேடியோவில் என் மூச்சு எனக்கே திரும்பிக் கேட்கிறது. என் வாயில் வந்தது நாம் எல்லோரும் சொல்கிற அதே வரிதான்: "அண்ணே, ரேடியோ சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வைங்க." குறைத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் பேசவில்லை. அப்புறம் அவரே, "சரி, நீ என்ன பண்ணுவ, பாட்டப் போடு" என்று வைத்துவிட்டார். எந்தப் பாட்டு என்று சொல்லவில்லை.

பழைய ஃபேடர்:
இதற்கெல்லாமா வருத்தப்படுவது? எச்சரிக்கை வந்தால் மீன்வளத் துறை கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டான டோக்கனே கொடுக்காது. டோக்கன் இல்லாமல் படகு எப்படிப் போகும்? ரேடியோ சொல்லி நின்றேன் என்பதை நான் நம்பமாட்டேன். ஐஸ் காசு போன கோபம், கையில் கிடைத்த நம்பர் உங்களுடையது.

என் கதை: அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004இல் ஆரம்பித்த பிறகு சென்னையில் வந்த இன்னொரு வளாக வானொலி. 100 வாட் டிரான்ஸ்மிட்டர், ஒரு மேம்பாலம் தாண்டினால் வெறும் இரைச்சல். ஒரு ஆட்டோ அண்ணன் என் குரலை வைத்தே டீக்கடையில் கண்டுபிடித்தார். "சார், அந்த சுகர் டாக்டர் 'மாத்திரைய நிறுத்திட்டா'ன்னு ஆரம்பிச்சாரு, பாலம் வந்துடுச்சு. நிறுத்திட்டா என்ன?" நிறுத்தவே கூடாது என்றுதான் அவர் சொன்னார் என்றேன். "ஒரு மாசமா நிறுத்திட்டேனே சார்" என்று சிரித்தார். அந்தப் பாலத்தில் வேறு யார் யார் பாதி கேட்டார்களோ.

கிணத்தடி:
எங்களுடையது உள்ளூர்ப் பெண்கள் நடத்தும் நிலையம். ஒரு தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு அக்கா பேசியதை ஒலிபரப்பினோம். மறுநாள் ஊராட்சியில் பொறுப்பில் இருந்த ஒருவர் ஸ்டூடியோவுக்கே வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு மரியாதையாக உட்கார்ந்து, "செய்தி போட உங்களுக்கு அனுமதி இல்லையாமே" என்றார். அரை மணி நேரம். எழுந்து போகும்போது, "வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணுக்குச் சடங்கு, வாழ்த்துச் சொல்லிடுங்கம்மா." சொன்னோம். தண்ணீர் கேட்ட அந்த அக்காதான் அன்றைக்கு டெக்னிகல் டியூட்டி, வாழ்த்து ஒலிக்க மிக்ஸரில் ஒலி கூட்டும் ஃபேடரைத் தூக்கியதே அவர்தான்.

மிக்ஸர் மாமா:
கிணத்தடி, நீங்கள் பயந்திருக்கவே வேண்டாம். சொந்தமாகச் செய்தி, அரசியல் போடக் கூடாது, உண்மை. ஆனால் குடிநீர், மின்சாரம், வானிலை, போக்குவரத்து அறிவிப்புகள் செய்திக் கணக்கில் வராது. விதிமுறையை அச்செடுத்து வாசலில் ஒட்டுங்கள். ஒலிபரப்பிய எதையும் மூன்று மாதம் அழிக்கக் கூடாது, அதுவும் விதிதான். பிரச்சினை வரும்போது அந்தப் பதிவுதான் துணை. ஹார்டு டிஸ்க் ஒன்றை நம்பாதீர்கள், இரண்டு வாங்குங்கள். நேயர் அழைப்புக்குச் சில நொடி தாமதம் வையுங்கள், யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டலாம். ஃபேடர் தம்பி, டாக்டர் பேட்டியில் முக்கியமானதை நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பச் சொல்லியிருக்க வேண்டும். கரையோரம், நீங்கள் வாசித்ததும் "இது முன்னறிவிப்பு மட்டுமே" என்று ஒரு வரி சேருங்கள், பொறுப்பு போய்விடும். மைக்கை நேராக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைத்தால் மூச்சுச் சத்தமும் குறையும்.

என் அனுபவமா? ஒரு பாட்டி தினமும் கூப்பிட்டு நேரம் கேட்பார். அவ்வளவுதான்.

கிணத்தடி:
மாமா, விதிமுறை எங்களுக்கும் தெரியும். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் கட்டடத்துக்குக் கரண்ட் இணைப்பு புதுப்பிக்க முடியும். அதை எந்த வாசலில் ஒட்ட?

கரையோர ஆர்ஜே:
ஃபேடர் அண்ணா, டோக்கன் கெடுபிடி எங்கள் பக்கம் விசைப்படகுக்குத்தான். அவர் நாட்டுப்படகு. வானத்தைப் பார்த்துப் போகிறவர் அன்றைக்கு என்னைக் கேட்டு நின்றார், அதுதான் உறுத்துகிறது. மாமா சொன்ன வரியைச் சேர்த்தால் என் பொறுப்பு போகும், ஐஸ் காசு வருமா? முன்னறிவிப்பை மாலையிலேயே, ஐஸ் வாங்கப் போகும் முன் வாசிக்கலாம் என்று நிலையத்தில் கேட்டுப் பார்த்தேன். அந்த நேரம் ஸ்பான்சர் நிகழ்ச்சிக்குக் கொடுத்தாச்சாம்.