மகளை பி.பி.ஏ. சேர்க்கலாமா? சேலம் பக்கம் ஒரு சின்ன பல்கலைக்கழகம்

ஆத்தூர் அப்பா:
பிளஸ் டூவில் வணிகவியல் படித்த மகளுக்கு சேலம் பக்கம் ஒரு சின்ன தனியார் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ. இடம் கிடைத்திருக்கிறது. வகுப்புக்கு முப்பது பேர்தானாம். வருஷத்துக்கு 85 ஆயிரம், பஸ் காசு தனி. வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டணும். அரசு கலைக் கல்லூரியில் பி.காம். கிடைக்கவும் வாய்ப்பிருக்கு. எது சரிங்க?

கொலுசுப் பட்டறை, செவ்வாய்பேட்டை:
அரசுக் கல்லூரிதான், யோசிக்கவே வேணாம். பேங்க் பரீட்சைக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.பி.ஏ. போகவும் பி.காம். தடையில்லை. அப்புறம் எதுக்கு ரெண்டரை லட்சம்? எங்க பட்டறைக்கு ஒரு பி.பி.ஏ. பையன் வந்தான். லீடர்ஷிப் பத்தி அரை மணி நேரம் பேசினான். சேதாரம் கழிச்சு கூலி போடச் சொன்னா முழிக்கிறான்.

ஏற்காடு மிளகு:
அண்ணா, பி.காம். பையனுக்கு மட்டும் சேதாரக் கணக்கு வந்துடுமா? அது பட்டறையில உட்கார்ந்து கத்துக்கறது. நான் அப்படி ஒரு சின்ன இடத்துலதான் பி.பி.ஏ. படிச்சேன், மொத்தம் 28 பேர். எங்க சார் ஆறு வாரம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்கு அனுப்பினார். மரவள்ளிக்கிழங்குக்கு மாவுச்சத்து பாயின்ட் பார்த்து விலை போடறது, 90 கிலோ மூட்டைக் கணக்கு, சேகோசர்வ்ங்கற ஆலைக்காரங்க கூட்டுறவு சங்கத்தோட டெண்டர் எல்லாம் அங்க பார்த்ததுதான். ஆலைக்காரர் வியாபாரிகிட்ட முன்கூட்டியே கடன் வாங்கிட்டா சரக்கு விலை யார் கைக்குப் போகும்னு புரிஞ்சப்பதான், ஆலைக்காரங்க 1981ல எதுக்கு அந்தச் சங்கத்தை வச்சாங்கன்னு தெரிஞ்சது. எழுபது பேர் வகுப்புல இப்படி யார் கூட்டிட்டுப் போவாங்க?

கொலுசுப் பட்டறை:
அது அந்த சாரோட குணம் தம்பி, காலேஜோட குணம் இல்ல. அவர் இப்ப அங்க இருக்காரா?

ஏற்காடு மிளகு:
இல்ல. நான் மூணாம் வருஷம் போகும்போதே போயிட்டார். நிதி மேலாண்மைக்கு ஒரே செமஸ்டர்ல மூணு பேர் மாறினாங்க. சின்ன இடத்துல ஒருத்தர் போனா பாதி டிபார்ட்மென்ட் போன மாதிரி. அதை ஒத்துக்கறேன்.

ஓமலூர்க்காரி:
பதினோரு வருஷம் காமர்ஸ் பாடம் எடுத்தவ சொல்றேன். முப்பது பேர் வகுப்புங்கறது நல்லதுக்கும் இருக்கலாம், ஆள் சேரலைங்கறதுக்கும் இருக்கலாம். போன வருஷம் எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் முடிச்சாங்கன்னு கேளுங்க. 2024-25லிருந்து பி.பி.ஏ., பி.சி.ஏ. படிப்பெல்லாம் ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய கவுன்சில்) வட்டத்துக்குள்ள வந்தாச்சு. அங்க என்ன நிலைமைன்னு பேப்பரைக் காட்டச் சொல்லுங்க. பிளேஸ்மென்ட் பேனரை நம்பாதீங்க. ஒரே பொண்ணு மூணு ஆஃபர் வாங்கினா மூணுன்னு எண்ணி ஒட்டற இடமெல்லாம் உண்டு. பிரின்சிபால் ரூமை விட்டுட்டு, சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல நிக்கிற மூணாம் வருஷப் பிள்ளைங்ககிட்ட பேசுங்க.

கொலுசுப் பட்டறை:
இவ்வளவு துப்பறிய வேண்டிய இடத்துக்கு எதுக்குங்க போகணும்?

ஓமலூர்க்காரி:
அரசுக் கல்லூரியிலயும் கௌரவ விரிவுரையாளர், அதான் நிரந்தரமில்லாத வாத்தியார், எத்தனை பேருன்னு எண்ணிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

ஆத்தூர் அப்பா:
இன்னைக்குப் போயிட்டு வந்தேன். ஆபீஸ்ல எல்லாம் நல்லாத்தான் பேசினாங்க. சேர்ந்தவங்க கணக்கு மட்டும் "அப்புறம் மெயில் பண்றோம்"னாங்க. பஸ் ஸ்டாப்புல ரெண்டு பொண்ணுங்க, இன்டர்ன்ஷிப்புக்கு எங்கயும் போகலை, சித்தப்பா கடையில சர்ட்டிபிகேட் வாங்கி வச்சோம்னு சிரிச்சாங்க. முன்பணம் கட்டலை. மகதான் என்கூடப் பேச மாட்டேங்கறா, அங்க லைப்ரரி ஏசியாம்.