நகர நடுப்பகுதியில் மாநாட்டு மையம்: எந்த மனை பொருத்தமானது?

கேள்வி:
நகரின் நடுப்பகுதியில் மாநாட்டு மையம் கட்டுவதற்கு இரண்டு மனைகள் பரிசீலனையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று, தங்கும் விடுதிகளும் ரயில் நிலையமும் சூழ்ந்த நெருக்கடியான மனை. மற்றொன்று, பழைய ரயில்வே பணிமனை இருந்த விசாலமான நிலம். ஆனால் அது நடுப்பகுதியின் ஓரத்தில் இருக்கிறது. திட்டமிடல் துறையில் பழக்கமுள்ளவர்கள் முதலில் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்வீர்கள்?

பதில் 1:
லாரிகளைத்தான். கண்காட்சிக்கு முந்தைய இரவு நீளமான டிரெய்லர்கள் வரிசையாக வந்து, பின்புறமாகத் திரும்பி, சரக்குத் தளத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். முறை வரும்வரை அவை காத்திருக்கவும் தனி இடம் தேவை. கண்காட்சிக் கூடமோ ஒரே மட்டத்தில், ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்தில், தூண்கள் நன்கு விலகி இருக்குமாறு அமைய வேண்டும். குறுகிய மனையில் கூடங்களை மாடிகளாக அடுக்கினால், லாரி ஏறுவதற்கான சாய்தளங்களே பாதி நிலத்தை விழுங்கிவிடும். ஆகவே என் வாக்கு பணிமனை நிலத்துக்கு.

பதில் 2:
லாரிக்கு வசதியான இடம் மனிதருக்கும் வசதியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. நியூயார்க்கின் ஜாவிட்ஸ் மாநாட்டு மையம் 1986இல் மன்ஹாட்டனின் மேற்கு ஓரத்தில் திறக்கப்பட்டது. அதன் அருகே சுரங்க ரயில் நிலையம் வந்ததோ 2015இல். ஓரத்து நிலத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் ரயில் பாதைக்கான நிதியையும் அதே தீர்மானத்தில் ஒதுக்க வேண்டும். "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது இத்தகைய திட்டங்களில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு.

பதில் 3:
இருவரும் கட்டடத்துக்குள் வருபவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அதைச் சுற்றி நடப்பவர்களை நான் முதலில் பார்ப்பேன். கண்காட்சிக் கூடத்துக்கு ஜன்னல் தேவையில்லை என்பதால், பல தெருக்களை மூடி எழும்பும் அந்தப் பெட்டியின் மூன்று பக்கமாவது வெறும் சுவராகவே நின்றுவிடும். நிகழ்ச்சி இல்லாத நாட்களில் எதிர்வரிசைக் கடைகளுக்கு அந்தச் சுவர்தான் காட்சி. வாஷிங்டன் நகரில் 1982இல் திறந்த மாநாட்டு மையம் விரைவிலேயே போதாமல் போய், 2004இல் இடித்துத் தள்ளப்பட்டது. பின்னர் அந்த நிலத்தில் குடியிருப்புகளும் கடைகளும் எழுந்தபோது, மறைந்திருந்த தெருக்களும் திரும்பக் கிடைத்தன. இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேல் மட்டுமே பயன்பட்ட ஒரு கட்டடத்துக்காக அத்தெருக்களை இழந்திருக்க வேண்டுமா?

நெருக்கடியான மனையிலும் வழி உண்டு. சான்பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி மையம் 1981இல் திறந்தபோது அதன் பெரிய கூடம் தரைக்கடியில் இருந்தது. மேலே பின்னர் பூங்கா வந்தது. பிலடெல்பியாவில் 1993இல் திறந்த மையம் பழைய ரயில் நிலையத்தின் கூரைக்கொட்டகையைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதன் கீழே இருந்த பழைய சந்தை அப்படியே இயங்குகிறது. மாநாட்டுக்கு வந்தவரும் உள்ளூர்க்காரரும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மதிய உணவு உண்கிறார்கள். மையத்தின் பெயர்ப்பலகையைவிட அந்தச் சந்தையின் வாசல்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

கேட்டவர்:
தரைக்கடியில் கட்டுவதன் செலவை நகராட்சி தாங்குமா என்பதே இப்போது என் ஐயம்.

பதில் 1:
தோண்டுவது, நிலத்தடி நீரைத் தடுப்பது, புகை வெளியேற்றுவது என எல்லாம் செலவுதான். அந்தச் செலவு தேவைதானா என்று அறிய, இரு மனைகளுக்கும் லாரி வரும் பாதையையும் தெருவைப் பார்க்கும் சுவர்களையும் ஒரே அளவுகோலில் வரைந்து வாங்குங்கள்; அவ்வரைபடங்கள் இல்லாமல் நகர மன்றத்தில் வாக்கெடுப்பு நடத்த வேண்டாம். பதில் 3 சொன்ன சுவர் விஷயம் பணிமனை நிலத்துக்கும் பொருந்தும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.