712 டின்னுக்கு எத்தனை கிலோ வர வேண்டும்?

கொழுந்துக்காரி மகள், தலவாக்கலை:

ஏப்ரல் சீசன் முடிந்த கையோடு தம்பியும் நானும் நுவரெலியா கிரகரி வாவிப் பக்கம் ஒரு வாரம் டின் பொறுக்கினோம். பெரும்பாலும் பியர் டின். மிதித்து அடைத்ததில் நான்கு உரப்பை நிறைந்தது. அம்மா 30 வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர், எதையும் எண்ணாமல் வெளியே விடமாட்டார். லயத்து வாசலில் உட்கார்ந்து எண்ணினார்: 712.

பழைய இரும்புக் கடையில் ஏழரைக் கிலோ என்றார்கள். அதிலும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு கிலோ வெட்டு. "தோட்டத்தில் ஈரம் என்று கொழுந்துக்கு வெட்டினார்கள், தகரமுமா தண்ணீர் குடிக்கும்?" என்று அம்மா இரண்டு நாளாகப் புலம்புகிறார். ஒரு டின் உண்மையில் எத்தனை கிராம்? மிதித்தது எங்கள் தவறா?

பழைய கடைப் பையன், ஹட்டன்:

அக்கா, இதே தொழிலில் ஆறு வருடம் தராசடியில் நின்றவன் நான். 330 மில்லி டின் வெறுமையாக 13 முதல் 15 கிராம் இருக்கும். ஒல்லியான 250 மில்லி டின் கொஞ்சம் இளைப்பு. 500 மில்லி என்றால் இன்னும் கூட. 13 என்றே வைத்தாலும் உங்கள் 712 ஒன்பது கிலோவைத் தாண்ட வேண்டும். நான்கு வெறும் உரப்பை சேர்ந்தாலும் ஒரு கிலோ வராது.

கடைக்காரர் பக்கமும் ஒன்று சொல்கிறேன். நசுக்கிய டின்னுக்குள் ஈர மணலும் கூழாங்கல்லும் வைத்துக் கொண்டுவந்தவர்களை நானே பிடித்திருக்கிறேன். அந்தக் கோபத்தில் எல்லோருக்கும் வெட்டுகிறார்கள். கவிழ்த்து உதறி, ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டு மிதியுங்கள். காந்தம் ஒட்டினால் அது அலுமினியம் இல்லை, இரும்பு. டின்மீன் பேணி ஒன்று கலந்தாலும் முழுப் பைக்கும் விலையை இறக்குவார்கள். வர்ணம் போகட்டும் என்று நெருப்பில் போட வேண்டாம், மெல்லிய தகடு சாம்பலாகி நிறைதான் போகும்.

"வேண்டுமானால் கொடு" என்ற மிரட்டலுக்கும் மடங்காதீர்கள். பாக்சைட் என்ற தாதுவிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதம் போதும், பழையதை உருக்க. வாங்க ஆள் இல்லாத சரக்கு இல்லை இது.

மஸ்கெலியா வாத்தியார்:

வியாபாரத் தராசுக்கு ஆண்டுதோறும் அரசாங்க முத்திரை வேண்டும். முத்திரை எங்கே என்று கேளுங்கள். இல்லையென்றால் மாவட்டச் செயலகத்தில் அளவீட்டு அலகுகள் பிரிவுக்கு முறைப்பாடு கொடுக்கலாம்.

லொறி மாமா:

சட்டம் பேசுவது சுலபம் வாத்தியார். பக்கத்தில் இருப்பது ஒரே கடை. சண்டை போட்டால் அடுத்த கிழமை டின்னை யாரிடம் கொடுப்பது?

கொழுந்துக்காரி மகள், தலவாக்கலை:

எல்லோருக்கும் நன்றி. சண்டை போடவில்லை மாமா. அம்மா ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றைப் பிரிக்காமல் கொண்டுபோய்த் தராசில் வைத்தார். முள் நாலில் நின்றது. "அரிசிக்கும் ஈரம் வெட்டிவிட்டீர்களா ஐயா?" என்றுதான் கேட்டார். கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் தங்கள் சாக்குகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டார்கள்.

பழைய பாக்கி இன்னும் வரவில்லை. நேற்றுக் கொடுத்த 160 டின்னுக்கு 2 கிலோ 200 கிராம் போட்டார்கள். சாக்குக்கு நூறு கிராம் வெட்டினார்கள். அதற்கு அம்மா ஒன்றும் சொல்லவில்லை.